பெயிண்டுக்கு முன் பரப்பு: கடலோர ஆலைகளின் இரும்பு குறித்து எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

கடலோர அனல்மின் நிலையங்களிலும் துறைமுகங்களிலும் கன்வேயர் தாங்கிகளுக்கும் டேங்குகளுக்கும் துருத்தடுப்புப் பூச்சு செய்கிற ஒப்பந்ததாரர்களும் ஆய்வாளர்களும் சேர்ந்தது எங்கள் சங்கம். டெண்டரில் பரப்புத் தயாரிப்பைத் தனி வேலையாகப் பிரித்து, அதற்குத் தனி விலை தர வேண்டும். இதுவே எங்கள் நிலைப்பாடு.

பல டெண்டர்கள் பெயிண்டின் பிராண்டையும் மைக்ரான் கணக்கையும் விரிவாக எழுதுகின்றன. பரப்பைத் தயாரிக்கும் பிளாஸ்டிங்குக்கு (துகள்களை வேகமாக வீசித் துரு நீக்குவதற்கு) ‘துருவை நன்கு நீக்கி’ என்று ஒரு வரிதான். குறைந்த விலைக்கே வேலை என்றால் வெட்டு அந்த வரியில்தான் விழும். காலி டப்பாக்களை எண்ணிவிடலாம். பூசி மறைத்த பரப்பை யார் பார்ப்பது?

ஜிங்க் பிரைமரில் உள்ள துத்தநாகம் தான் அரிக்கப்பட்டு இரும்பைக் காக்கிறது. அதற்குத் துத்தநாகத் துகள் வெற்று இரும்பைத் தொட்டாக வேண்டும். இடையில் துருவோ மில் ஸ்கேலோ (ஆலையில் இரும்பை உருட்டும்போது படியும் ஆக்சைடு படலம்) நின்றால் மின்தொடர்பு அறுந்து, விலை உயர்ந்த பிரைமரும் வெறும் வண்ணமாகிவிடும். உப்பு இன்னும் கொடியது. கண்ணுக்குத் தெரியாமல் தங்கிய உப்பு, பூச்சின் வழியே ஈரத்தை உள்ளிழுத்துக் கொப்புளம் எழுப்பும். பிளாஸ்டிங் மட்டுமே அதை முழுதாக எடுத்துவிடாது. நன்னீரில் கழுவி, உப்பளவைச் சோதிக்க வேண்டும்.

எனவே ஐஎஸ்ஓ 8501-1 சொல்லும் எஸ்ஏ 2½ தூய்மை, உப்பின் உச்ச அளவு, பரப்பின் கரடு ஆகியவை ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும். ஆய்வாளர் கையெழுத்திடும்வரை பிரைமர் டப்பா திறக்கப்படக் கூடாது. பூசும்போது இரும்பின் வெப்பநிலை பனிநிலையைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியும் வெப்பநிலையைவிட) 3 டிகிரி செல்சியஸாவது கூடுதலாக இருக்க வேண்டும். கடற்கரை விடியலில் இது எளிதில் தவறும். ஷட்டவுன் முடியப்போகிறது என்று ஈர இரும்பில் பூசச் சொல்வதை நாங்கள் ஏற்கவில்லை.

செலவு கூடும், உண்மைதான். ஆனால் உயரத்தில் இருக்கும் கன்வேயருக்கு மறுபடி சாரம் கட்டி, ஓட்டத்தை நிறுத்திப் பூசும் செலவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

மணல் பிளாஸ்டிங்கில் எங்களுக்குச் சமரசமே இல்லை. மணல் உடைந்து பறக்கும் நுண்ணிய சிலிக்கா நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் ஆகிறது. அதைக் குணப்படுத்த மருந்தில்லை. பிரிட்டன் 1949 விதிகளிலேயே வார்ப்புகளைச் சுத்தம் செய்ய மணலைத் தடுத்தது. கார்னெட்டும் ஸ்டீல் கிரிட்டும் கைக்கெட்டும் இந்நாளில் மணலுக்கு நியாயமே கிடையாது. அவற்றோடும் காற்றுக் குழாய் பொருத்திய தலைக்கவசம் கட்டாயம். மணலை அனுமதிக்கும் எந்த டெண்டருக்கும் எங்கள் உறுப்பினர்கள் விலை கொடுக்க மாட்டார்கள்.