பஞ்சு வைக்க வேண்டியது நான்தானா?

காதில் பஞ்சை அடைத்துக்கொள் என்று எனக்குச் சொல்லாத ஆள் இந்த அடுக்குமாடியில் மிச்சமில்லை. மேல்வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டு அக்கா சொல்லிவிட்டார். சங்கச் செயலாளரும் சொல்லிவிட்டார். என்னைப் பெற்ற அம்மாவே போனில், "நீதான்டி கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும்" என்கிறாள். ஸ்பீக்கரை அதிரவிடும் அந்த மேல்வீட்டுக்காரரிடம் போய் ஒருவர்கூட, ஒரே ஒருவர்கூட, எதுவும் சொல்லவில்லை.

அவர் வீட்டுச் சாக்கடை என் கூடத்தில் வழிந்தால், "மூக்கைப் பொத்திக்கோங்க மேடம்" என்று சொல்வார்களா? அன்றைக்கே பிளம்பர் வந்திருப்பார். சத்தம் கண்ணுக்குத் தெரியாது, கறை விடாது. அதனால் குற்றம் என் காதுடையதாகிவிட்டது.

எனக்கு இருப்பது திமிர் அல்ல. 'ஹைப்பரக்யூசிஸ்' என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். கேட்கும் திறனைச் சோதித்தால் எல்லாம் சரியாகவே இருக்கிறது. எவ்வளவு சத்தம் வரை தாங்க முடியும் என்று சோதித்தால்தான் தெரியும். மற்றவர்கள் சாதாரணமாக உட்கார்ந்திருக்கும் சத்தத்திலேயே போதும் என்று கையைத் தூக்கிவிடுகிறேன். பாத்திரம் சிங்க்கில் விழுந்தால் பல்லின் வேர் வரை வலி பாய்கிறது. ஒற்றைத் தலைவலியும் சேர்ந்துகொண்டால் அன்றைக்குச் சமையல் இல்லை, வேலை இல்லை, இருட்டறைதான்.

பஞ்சு என்கிறீர்களே, மருத்துவர் என்னை முதலில் எச்சரித்ததே அதைப் பற்றித்தான். வீட்டுக்குள் எந்நேரமும் காதை அடைத்தே வைத்திருந்தால், உள்ளே வரும் ஒலி குறையக் குறைய மூளை அதை இன்னும் பெரிதாக்கிக் காட்டப் பழகிவிடுமாம். எடுத்த பிறகு முன்னைவிட அதிகமாக வலிக்கும். அதனால் மழை பெய்வதுபோல் மெல்லிய சத்தம் ஒன்றை ஓடவிட்டு, காதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கச் சொன்னார். பழக்குகிறேன். அப்படி நான் கட்டி எழுப்புவதையெல்லாம் மேலிருந்து விழும் ஒரே 'தொம்' இடித்துத் தள்ளிவிடுகிறது. அடுத்த அடி எப்போது விழுமோ என்று உடம்பு காத்துக்கிடக்கிறதே, அந்தக் காத்திருப்பு சத்தத்தைவிடக் கொடுமை.

குழந்தை ஓடுவதை நான் சொல்லவில்லை. குழந்தை ஓடத்தான் செய்யும். விடிகாலை மிக்சியையும் சொல்லவில்லை. வேலைக்குப் போகிறவர்கள் சமைக்க வேண்டாமா? கைக்குழந்தை ராத்திரி முழுக்க அழுதால், தூங்காத அந்தத் தாயை நினைத்துத்தான் மனசு கஷ்டப்படுகிறது. நான் கேட்டதெல்லாம், தரதரவென்று இழுக்கும் நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் புஷ். நானே வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். "எங்க வீட்டுல எப்படி உட்காரணும்னு நீங்க சொல்லித் தர வேண்டாம்" என்று கதவைச் சாத்தினார்கள். சப்வூஃபரைத் தரையிலிருந்து தூக்கி வையுங்கள், ராத்திரியில் அணைத்துவிடுங்கள் என்றேன். "மத்தவங்க யாரும் கம்ப்ளைன்ட் பண்ணலையே" என்றார். மற்றவர்கள் உடம்பில் என் காது இல்லையே, ஐயா!

சட்டம் இல்லாமல் இல்லை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை 45 டெசிபல் என்று வரம்பு கட்டியிருக்கின்றன. கேட்க விரும்பாதவரை வலுக்கட்டாயமாகக் கேட்க வைக்கும் உரிமை எவருக்கும் இல்லை என்று 2005இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதைப் படித்தபோது, யாரோ என் பக்கம் நின்று பேசியதுபோல் இருந்தது, அழுதேன்.

அளக்கும் விதம் தெரிந்தபோது மறுபடி அழுதேன். விதியிலுள்ள டெசிபல் என்பது நேரம் முழுக்கப் பரப்பிப் போட்ட சராசரி. நள்ளிரவில் என்னைத் தூக்கிவாரிப் போடும் நாலு இடி அந்தச் சராசரிக்குள் கரைந்துபோகும். அதுவும் 'ஏ' அளவுகோல். தாழ்ந்த ஒலிகளைப் பெருமளவு தள்ளுபடி செய்துவிட்டுத்தான் கணக்கெடுக்கும். கான்கிரீட் தளத்தையும் நாலரை இன்ச் சுவரையும் தாண்டி என் கட்டிலுக்கு வருவது எது? அந்தத் தாழ்ந்த ஒலிதான். பாட்டின் சொல் வராது, மெட்டு வராது, அடி மட்டும் வரும். என்னை வதைப்பது எதுவோ, அதைத்தான் கருவி கழித்துவிடுகிறது. பகலில் புகார் கொடுக்கவோ சத்தம் வரம்பைவிட 10 டெசிபல் கூடியிருக்க வேண்டும். 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு. பத்து மடங்கு ஆகும்வரை நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டுமா?

போலீசுக்குப் போன் போட்டால் வருகிறார்கள். அதற்குள் மேலே எல்லாம் அடங்கிவிடுகிறது. "எங்கம்மா சத்தம்?" என்று என்னைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் வண்டி தெருமுனை திரும்பியதும் முன்னைவிடப் பலமாக ஆரம்பிக்கிறது. மறுநாள் லிஃப்டில் யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. போலீசைக் கூப்பிட்டவளாம் நான்.

வீட்டை மாற்றிக்கொள் என்கிறார்கள். கடன் வாங்கி வாங்கிய வீடு இது. மாதா மாதம் தவணை என் சம்பளத்திலிருந்துதான் போகிறது. விற்றுவிட்டு எங்கே போவேன்? அங்கேயும் மேல்வீடு இருக்காதா?

ஜன்னலுக்குக் கனத்த திரை போட்டேன். கட்டிலைச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டேன். படுக்கையறையை விட்டுச் சமையலறையில் பாய் விரித்துப் படுத்தேன். மாத்திரை விழுங்குகிறேன், பயிற்சி செய்கிறேன். என் பங்குக்குச் செய்ய இனி ஒன்றும் பாக்கியில்லை. மேல்வீட்டுக்காரரே, நீங்கள் இன்னும் ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை. இன்று ராத்திரி பத்து மணிக்கு அந்தப் பெட்டியை அணையுங்கள்.