இரவல் வாகனமும் ஒரு துருப்பிடித்த ஆணியும்

 

சென்ற வருடம் எமது வீட்டின் பழைய குசினியை உடைத்துப் புதிதாகக் கட்டினோம். உடைத்த கல், ஓடு, சீமெந்துக் கட்டி, ஆணி ஏறிய பலகை எல்லாம் வளவில் குவிந்து கிடந்தன. பள்ளக் காணியொன்றை நிரப்புவதற்கு அவற்றைக் கேட்டிருந்தார் ஒருவர். கொண்டுபோய்ச் சேர்க்க வாகனம் வேண்டும். அடுத்த வீட்டு நானாவிடம் கெப் வாகனமொன்று இருக்கிறது. தம்புள்ளைக்குப் போய் மரக்கறி ஏற்றி வந்து சந்தையில் விற்பவர் அவர். நான் கேட்டதுமே, "இதென்ன மௌலவி, எடுத்துக்கொண்டு போங்க. எனக்கு விடியச் சுபஹுக்குப் பிறகுதான் வேணும்" என்று சாவியைக் கையில் தந்தார். வாடகைப் பேச்சே இல்லை.

மூன்று நடை ஏற்றினோம். கடைசி நடை முடியும்போது மஃரிப் பாங்கு சொல்லிவிட்டார்கள். பெரிய கற்களைத் தள்ளிவிட்டு, தூளும் துண்டுகளும் கிடந்தபடியே வாகனத்தை அவர் வாசலில் நிறுத்தினேன். சாவியைக் கொடுத்து, "ஜஸாகல்லாஹு கைரன்" என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கு நடந்தேன். கடமை முடிந்துவிட்டதென்றே எண்ணினேன்.

நான்கைந்து நாட்களின் பின் என் மனைவி கேட்டார்: "அடுத்த வீட்டு ராத்தா நொண்டி நொண்டி நடக்கிறாவே, ஏன் தெரியுமா?"

அன்றிரவு, விடிந்தால் கணவன் மரக்கறி ஏற்ற வேண்டுமே என்று அந்தச் சகோதரி டோர்ச் வெளிச்சத்தில் தும்புத்தடியை எடுத்து வாகனத்தின் பின்பெட்டியைக் கூட்டியிருக்கிறார். பெருக்கித் தள்ளியதில் ஓர் ஆணி நிலத்தில் விழுந்து கிடந்திருக்கிறது. மெல்லிய வீட்டுச் செருப்பு, ஆணி ஊடுருவிவிட்டது. அவருக்குப் பல வருடமாகச் சீனி வருத்தம். காலில் உணர்வு குறைவு. வுழூச் செய்யப் போனபோது இரத்தத்தைக் கண்டுதான் காலில் ஆணி குத்தியதை அறிந்திருக்கிறார். என் மனைவி கேட்டபோது, "ஒன்டுமில்ல தங்கச்சி, சின்னக் காயம்தான். மௌலவிக்குச் சொல்லிப் போடாதீங்க" என்றாராம். அந்தச் சின்னக் காயம் ஆறுவதற்கு இரண்டு மாதம் சென்றது. விரலை எடுக்க வேண்டி வருமோ என்று வைத்தியர் பயந்த நாட்களும் உண்டு. அல்ஹம்துலில்லாஹ், அல்லாஹ் காப்பாற்றினான்.

சகோதரிகளே! வருடா வருடம் மத்ரஸாவில் மாணவர்களுக்கு ஷெய்க் ஸைனுத்தீன் மக்தூம் (ரஹ்) அவர்களின் 'பத்ஹுல் முஈன்' கிதாபை ஓதிக் கொடுப்பவன் நான். அதில் 'ஆரியத்' என்றொரு பாடம் உண்டு. இரவல் பற்றிய சட்டம் அது. இரவல் வாங்கிய பொருள் நாசமானால் வாங்கியவரே பொறுப்பு. அனுமதித்த பாவனையினால் தேய்ந்து போனாலன்றி. அதைத் திருப்பி ஒப்படைக்கும் செலவும் வாங்கியவரையே சாரும். இது ஷாபிஈ மத்ஹபின் தீர்ப்பு. இதையெல்லாம் கரும்பலகையில் எழுதிக் கொடுத்த எனக்கு, வாகனத்தைக் கூட்டிக் கொடுப்பதும் ஒப்படைப்பில் அடங்கும் என்பது அன்று தோன்றவில்லை. அந்தச் செலவை நான் அந்தச் சகோதரியின் கால் மீது சுமத்திவிட்டேன்.

ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு ஹுனைன் யுத்தத்துக்குப் புறப்படும்போது, நபி (ஸல்) அவர்கள் ஸப்வான் இப்னு உமையாவிடம் போர்க் கவசங்களை இரவலாகக் கேட்டார்கள். அவர் அப்போது இஸ்லாத்தை ஏற்றிருக்கவில்லை. பலவந்தமாக எடுக்கிறீர்களா என்று அவர் கேட்க, இல்லை, பொறுப்பேற்றுத் திருப்பித் தரும் இரவல்தான் என்று நபியவர்கள் உறுதி கூறினார்கள். பின்னர் சில கவசங்கள் காணாமற்போக, அவற்றுக்கு ஈடு தரவும் முன்வந்தார்கள். வெற்றி பெற்ற தலைவர் ஒருவர், தம் மார்க்கத்தைச் சேராத ஒருவரிடம் வாங்கிய இரவலுக்கே அவ்வளவு கவனம் செலுத்தியிருக்க, நாம் அடுத்த வீட்டு முஸ்லிமின் பொருளை எப்படித் திருப்பிக் கொடுக்கிறோம்?

பாதையில் கிடந்த முட்கிளையை அகற்றிய மனிதரை அல்லாஹ் மன்னித்தான் என்ற ஹதீஸை நாம் எல்லோரும் அறிவோம். முள்ளை அகற்றியவருக்கு மன்னிப்பு என்றால், ஆணியை விட்டுவிட்டுப் போனவன் எதற்குப் பயப்பட வேண்டும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

அதன் பிறகு அந்த நானாவிடமும் மேசன்மாரிடமும் கேட்டு அறிந்து கொண்டவற்றை உங்களுக்கும் சொல்லி வைக்கிறேன். கல்லோ விறகோ ஏற்றுவதற்கு முன்னரே பின்பெட்டியில் பழைய படங்கு ஒன்றை விரித்து விடுங்கள். தூள் பெரும்பாலும் அதோடு வந்துவிடும். வாகனத்தைச் சுத்தம் செய்ய வேண்டிய இடம் சாமான் இறக்கிய காணிதான். வீட்டு வாசலும் பாதையும் அல்ல. வெளிச்சம் இருக்கும்போதே செய்ய வேண்டும். தடித்த அடியுள்ள சப்பாத்தும் கையுறையும் அணிந்து, கூரான துண்டுகளை முதலில் பொறுக்கி ஒரு தகர டின்னில் போட வேண்டும். பழுதான வானொலிப் பெட்டியின் ஸ்பீக்கரில் உள்ள காந்தத்தைக் கழற்றி, ஒரு சொப்பிங் பேக்கில் போட்டு, கயிற்றில் கட்டி இழுத்தால் கண்ணுக்குத் தப்பிய ஆணிகள் ஒட்டிக்கொள்ளும். பையை உள்புறம் வெளியாகப் புரட்டினால் அவை தாமாக விழுந்துவிடும்.

சீமெந்துத் தூளில் எடுத்தவுடன் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூலைகளில் இறுகிவிடும். சாரதி இருக்கும் பக்கத்திலிருந்து பின்கதவை நோக்கிக் காய்ந்தபடியே கூட்ட வேண்டும். ஆனால் உடைந்த அஸ்பெஸ்டஸ் கூரைத் துண்டுகள் கிடந்தால் அதற்கு நேர்மாறு: அதன் தூள் நெஞ்சுக்குள் போனால் ஆபத்து. மெதுவாகத் தண்ணீர் தெளித்து நனைத்த பிறகே எடுக்க வேண்டும். றப்பர் விரிப்பு இருந்தால் தூக்கி அடியிலும் பார்க்க வேண்டும். கடைசியில் கழுவி, வாகனத்தின் முன்புறம் சற்று உயர்ந்திருக்க நிறுத்தி, தண்ணீர் வடியும் துளைகளின் அடைப்பை நீக்கிக் காயவிட வேண்டும். தேங்கிய நீர் துருவையும் தரும். டெங்கு நுளம்பையும் வளர்க்கும்.

குர்பானிக் காலத்தில் ஆடு மாடு ஏற்றியிருந்தால் இன்னொன்றும் உண்டு. சாணமும் இரத்தமும் எமது மத்ஹபில் நஜீஸ். முதலில் அவற்றை வழித்து அகற்றி, பின்னர் சுவை, நிறம், வாடை நீங்கும்வரை தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். மறுநாள் அதே வாகனத்தில் ஒருவர் அரிசி மூட்டை ஏற்றக் கூடும்.

இதையெல்லாம் பெண்களுக்கு ஏன் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். ஆண்கள் விட்டுச் செல்லும் மிச்சம் கடைசியில் பெண்களின் தும்புத்தடிக்குத்தான் வந்து சேர்கிறது. ஆகவே உங்கள் கணவரோ மகனோ இரவல் வாகனத்தின் சாவியைக் கொடுக்கப் புறப்படும்போது, "பின்பெட்டியைப் பார்த்தீர்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஆணி குத்தினால் சிறு காயம் என்று மறைக்காமல் அன்றே வைத்தியரிடம் காட்டி ஏற்புத் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். சீனி வருத்தம் உள்ளவர்கள் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம்.

விசயம் தெரிந்த அன்றே நான் அந்த வீட்டு வாசலில் போய் நின்று மன்னிப்புக் கேட்டேன். அந்தச் சகோதரி கதவுக்குப் பின்னால் நின்று, "மௌலவி, அடுத்த முறையும் வாகனம் தேவைப்பட்டால் கேளுங்க" என்றார்.

அமானிதத்தை உரிய முறையில் ஒப்படைப்பவர்களாக அல்லாஹ் எம்மை ஆக்கி வைப்பானாக. ஆமீன்.