தீவில் எண்ணுகிறோம், கப்பலில் எண்ணுவதில்லை

கன்னியாகுமரியிலிருந்து உலக வரைபடத்தில் நேர் தெற்காக ஒரு கோடு இழுத்தால், சுமார் 5,100 கிலோமீட்டருக்கு வெறும் தண்ணீர்தான். நிலநடுக்கோட்டையும் வெப்பக் கடல்களையும் கடந்து, குளிர்ந்த மேல்காற்று ஓயாமல் வீசும் தென்கடலின் வாசலில் அந்தக் கோடு முதன்முதலாக ஒரு நிலத்தைத் தொடும். அது ஆம்ஸ்டர்டாம் தீவு. பிரான்சின் ஆளுகையில் உள்ள எரிமலைத் தீவு. பரப்பு 60 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. குடியிருப்போர் யாரும் இல்லை, ஆய்வு நிலையத்தில் சிலர் முறை வைத்துத் தங்குகிறார்கள். உலகில் அந்தத் தீவில் மட்டுமே முட்டையிடும் அல்பட்ராஸ் ஒன்று இருக்கிறது. அது தனி இனம் என்று அறிவியல் உலகம் அறிந்ததே 1983-இல்தான். அப்போது ஆண்டுக்கு ஐந்து இணைகள் அளவில்தான் அடைகாத்துக்கொண்டிருந்தன. நாற்பது ஆண்டுப் பாதுகாப்புக்குப் பிறகு இன்று ஐம்பதை ஒட்டி நிற்கிறது.

இந்த இனம் எவ்வளவு இழப்பைத் தாங்கும் என்று பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2010-இல் கணக்கிட்டார்கள். மீன்பிடிக் கப்பல்களின் தூண்டிலில் சிக்கி ஆண்டுக்கு ஆறு பறவைகளுக்கு மேல் செத்தால், சில பத்தாண்டுகளில் இனமே இல்லாமல் போகலாம் என்பது அவர்கள் கண்ட விடை. இவ்வளவு துல்லியமான எண்ணை அறிவியலால் தர முடிந்திருக்கிறது. ஆனால் சென்ற ஆண்டு எத்தனை பறவைகள் அப்படிச் செத்தன என்று கேட்டால், உறுதியாகப் பதில் சொல்ல யாருமில்லை. இந்த இடைவெளி இயற்கையின் புதிரால் வந்ததில்லை. எதைப் பார்க்க வேண்டும், எதைப் பார்க்காமல் விடலாம் என்று நாடுகள் கூடி எடுத்த முடிவால் வந்தது.

முதலில் அந்த எண் எப்படிக் கிடைத்தது என்பதைச் சொல்ல வேண்டும். தென்கடல் தீவுகளில் நடந்த ஆய்வுகளில் மிகப் பெரும்பகுதி, பார்ப்பவருக்குச் சலிப்பூட்டும் வேலை. தெற்கு ஜார்ஜியாவை ஒட்டிய பேர்டு தீவில் 1958 முதல் அல்பட்ராஸ்களின் காலில் எண் பொறித்த வளையம் மாட்டுகிறார்கள். இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் குரோசே தீவுக்கூட்டத்தில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் 1960-களிலிருந்து அதே வேலையைச் செய்கிறார்கள். ஒவ்வொரு பருவத்திலும் ஈரப் புல்மேட்டில் கூடு கூடாக நடந்து, எந்த எண் திரும்பி வந்தது, யாரோடு இணை சேர்ந்தது, முட்டை பொரிந்ததா, குஞ்சு பறந்ததா என்று எழுதி வைப்பார்கள். அடுத்த பருவத்தில் வேறு ஆட்கள் வந்து அதே கூடுகளைப் பார்ப்பார்கள். முதல் வளையத்தை மாட்டியவர் ஓய்வு பெற்றுப் போயிருப்பார். பறவை இன்னும் அடைகாத்துக்கொண்டிருக்கும்.

இத்தனை நீண்ட கணக்கு ஏன் வேண்டும் என்றால், பறவையின் வாழ்க்கையே அப்படி அமைந்தது. விரித்த சிறகு மூன்றரை மீட்டர் வரை நீளும் ஊர்சுற்றி அல்பட்ராஸ், முதல் முட்டையிட ஏறத்தாழப் பத்து வயதாக வேண்டும். ஒரே ஒரு முட்டை. குஞ்சு கூட்டை விட்டுப் பறக்க ஒன்பது மாதம்போல ஆகும் என்பதால், வெற்றிகரமாக வளர்த்த இணை மறு ஆண்டு முட்டையிடாது. ஐம்பது ஆண்டுக்கு மேல் வாழ்ந்தவை உண்டு. பெரும்பாலும் ஆயுளுக்கு ஒரே துணை. இப்படிப்பட்ட உயிருக்கு ஒரு ஆண்டு குஞ்சுகள் செத்தாலும் பெரிய கேடில்லை. வளர்ந்த பறவைகள் சாகும் வேகம் நூற்றுக்கு மூன்று நான்கு கூடினாலே போதும், கூட்டம் சரியத் தொடங்கிவிடும். மூன்றாண்டு ஆய்வு நிதியில் போய்வரும் ஒருவருக்கு அந்தச் சரிவு கண்ணில் படாது. இருபது ஆண்டுப் பதிவேட்டைப் புரட்டுபவருக்குத்தான் படும்.

குரோசேயில் அப்படித்தான் பட்டது. 1970-களில் தொடங்கி 1980-களின் நடுப்பகுதிக்குள் அங்கே ஊர்சுற்றி அல்பட்ராஸ்களின் எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. தீவில் காரணம் எதுவும் இல்லை. குஞ்சுகள் நன்றாகவே வளர்ந்தன. கடலுக்குப் போன பெரிய பறவைகள்தான் திரும்பி வரவில்லை; அதிலும் பெண் பறவைகள் கூடுதலாகக் காணாமல்போயின. ஆய்வாளர்கள் பியர் ஜூவான்டேனும் ஆன்ரி வைமர்ஸ்கிர்ஷும் குரோசே பறவைகளின் முதுகில் செயற்கைக்கோள் கருவியைப் பொருத்தி, 1990-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். இரை தேடும் ஒரே பயணத்தில் 3,600 முதல் 15,000 கிலோமீட்டர் வரை ஒரு பறவை பறந்து திரும்பியதை அன்றுதான் உலகம் அறிந்தது. பெண் பறவைகள் வடக்கே, சற்று வெதுவெதுப்பான கடலுக்குப் போகின்றன என்பதும், ஆண்கள் தெற்கே குளிர்க்கடலை நாடுகின்றன என்பதும் தெளிவாயின. அந்த வடகடலில்தான் சூரை மீனுக்காகத் தொலைதேசக் கப்பல்கள் ஆயிரங்கால் தூண்டிலை விரித்துக்கொண்டிருந்தன.

ஆயிரங்கால் தூண்டில் என்ன என்பதைத் தூத்தூர் மீனவருக்கு விளக்க வேண்டியதில்லை. ஒரே நீண்ட கயிற்றில் வரிசையாகத் தொங்கும் கொக்கிகள். பெரிய கப்பல்களில் அந்தக் கயிறு நூறு கிலோமீட்டரைத் தாண்டும். இரண்டாயிரம், மூவாயிரம் கொக்கிகள். கப்பலின் பின்பக்கம் இரையோடு கொக்கியை எறியும்போது அது உடனே அமிழ்ந்துவிடுவதில்லை. சிறிது நேரம் மேலாக மிதக்கும். கப்பலைப் பின்தொடரும் அல்பட்ராஸ் அந்த இரையை விழுங்கும். கயிற்றின் பாரம் இழுக்க, பறவை நீருக்குள் போய் மூச்சடைத்துச் சாகும். தென்கடலில் ஜப்பானிய சூரைக் கப்பல்களின் தூண்டிலில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 44,000 அல்பட்ராஸ்கள் இறப்பதாக 1991-இல் ஆஸ்திரேலியாவின் நைஜல் பிரதர்ஸ் மதிப்பிட்டார். கப்பல் தளத்தில் நின்று பறவைகளை எண்ணி அவர் எடுத்த கணக்கு அது. குரோசேயிலும் பேர்டு தீவிலும் திரும்பாத வளையங்கள் எங்கே போயின என்பதற்கு அதுதான் விடை.

இதைத் தடுக்க வழி உண்டா? உண்டு. எளிமையானது, மலிவானது, பலமுறை சோதிக்கப்பட்டது. கப்பலின் பின்பக்கம் உயரமான கம்பத்திலிருந்து வண்ண நாடாக்கள் தொங்கும் கயிறு ஒன்றை விட்டால், பறவைகள் கொக்கி விழும் இடத்தை அண்டாது. இந்தக் கயிற்றை முதலில் உருவாக்கியவர்களே இரை வீணாவதைத் தடுக்க நினைத்த ஜப்பானிய மீனவர்கள்தான். கயிற்றில் கூடுதல் எடை கட்டினால் கொக்கி விரைவில் அமிழும். இரவில் தூண்டில் விட்டால் பெரும்பாலான அல்பட்ராஸ்களுக்கு இரை தெரியாது.

தெற்கு ஜார்ஜியாவைச் சுற்றிய கடலில் இவை ஏட்டோடு நிற்கவில்லை. அங்கே 1997-இல் பல்மீன் பிடிக்கும் தூண்டில் கப்பல்களால் ஏறத்தாழ 6,000 கடற்பறவைகள் செத்தன. அண்டார்க்டிகக் கடல் உயிர்வளப் பாதுகாப்பு ஆணையம் விதிகளை இறுக்கியது: எடை கட்ட வேண்டும், இரவில்தான் தூண்டில் விட வேண்டும், நாடாக் கயிறு கட்டாயம், பறவைகள் குஞ்சு வளர்க்கும் கோடையில் மீன்பிடி கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு கப்பலிலும் ஒரு பார்வையாளர் இருந்தே ஆக வேண்டும். பத்தாண்டுக்குள் பறவைச் சாவு ஏறத்தாழ இல்லாமல் போனது. நமீபியாவில் 2009-இல் தூண்டில் கப்பல்களால் 22,222 பறவைகள் இறந்ததாக மதிப்பிடப்பட்டது. நாடாக் கயிற்றைச் சட்டம் கட்டாயமாக்கிய பிறகு, 2018-இல் அது 215. அந்தக் கயிறுகளைத் திரித்துக் கொடுப்பது வால்விஸ் பே ஊரின் பெண்கள் குழு ஒன்று. உயிர் காக்கும் செய்தி இவ்வளவு தெளிவாகக் கிடைப்பது அரிது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நம்பிக்கையும் கோபமும் சேர்ந்தே வருகின்றன.

கோபம் ஏன் என்றால், இத்தனைக்குப் பிறகும் பேர்டு தீவின் ஊர்சுற்றி அல்பட்ராஸ்கள் 1960-களில் இருந்ததில் பாதிக்கும் கீழே இருக்கின்றன. தன் தீவைச் சுற்றிய கடலில் பத்திரமாக இருக்கும் பறவை, எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத பொதுக்கடலில் சாகிறது. இந்தியப் பெருங்கடலில் சூரை மீன்பிடியை ஒழுங்குபடுத்தும் ஆணையம், தெற்கு அட்சம் 25 டிகிரிக்குக் கீழே தூண்டில் விடும் கப்பல்கள் எடை, இரவு, நாடாக் கயிறு ஆகிய மூன்றில் இரண்டையாவது கடைப்பிடிக்க வேண்டும் என்று 2012-இல் தீர்மானித்தது. நல்ல விதி. கடைப்பிடிக்கிறார்களா என்று பார்ப்பது யார்? 24 மீட்டருக்கு மேற்பட்ட கப்பல்களின் மீன்பிடி நடவடிக்கைகளில் குறைந்தது நூற்றுக்கு ஐந்தில் பார்வையாளர் இருந்தால் போதும் என்பது அதே ஆணையத்தின் அளவுகோல். அந்த ஐந்தையும் எட்டாத நாடுகள் உண்டு.

இப்போது அந்த ஆறு பறவைகளுக்கு வருவோம். நூறில் ஐந்தை மட்டும் பார்க்கும் முறையில், ஆறு ஆம்ஸ்டர்டாம் அல்பட்ராஸ்கள் சாகும் ஓர் ஆண்டில் அவற்றில் ஒன்றுகூடப் பார்வையாளர் கண்ணில் படாமல் போகும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கில் மூன்று. ஆண்டறிக்கையில் பூஜ்யம் என்று எழுதுவார்கள். அதில் பொய்யும் இருக்காது. தீவில் ஒவ்வொரு பறவையையும் எண்ணைச் சொல்லி அழைக்கும் அளவுக்குத் தெரிந்து வைத்திருக்கிறோம். கப்பலிலோ, நூறு மாணவர்கள் எழுதிய தேர்வில் ஐந்து விடைத்தாளைத் திருத்திவிட்டு வகுப்பே தேறியதாக எழுதுகிறோம்.

பறவைகளே இந்த இருட்டைக் கொஞ்சம் விலக்கிக் காட்டியிருக்கின்றன. கப்பல் ரேடாரின் அலையை உணரும் சிறு கருவியை 169 அல்பட்ராஸ்களுக்குப் பொருத்தி, வைமர்ஸ்கிர்ஷ் குழுவினர் 2020-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். குரோசே, கெர்கெலன், ஆம்ஸ்டர்டாம் தீவுகளிலிருந்து கிளம்பிய அந்தப் பறவைகள் பொதுக்கடலில் கண்டுபிடித்த கப்பல்களில் மூன்றில் ஒன்றுக்கும் மேற்பட்டவை, தம் இருப்பிடத்தைத் தெரிவிக்கும் கருவியை இயக்காமல் ஓடிக்கொண்டிருந்தன. கண்காணிக்க வேண்டிய அரசுகள் செய்யாத வேலையைக் கொல்லப்படும் உயிர் செய்துகொடுத்திருக்கிறது.

பறவைகளுக்கு வேறு ஆபத்துகள் இல்லையா என்று கேட்கலாம். இருக்கின்றன, பெருகியும் வருகின்றன. தென்கடலின் மேரியன் தீவில் வந்தேறிய சுண்டெலிகள் உயிரோடு இருக்கும் அல்பட்ராஸ்களைக் கடித்துத் தின்கின்றன. ஹெச்5என்1 பறவைக் காய்ச்சல் 2023 அக்டோபரில் பேர்டு தீவை எட்டியது. 2024-இல் குரோசேக்கும் கெர்கெலனுக்கும் பரவியது. தெற்கு ஜார்ஜியாவின் பெரிய யானைச் சீல் கூட்டங்களில், இனப்பெருக்கத்துக்கு வரும் பெண் சீல்கள் 2022-க்கும் 2024-க்கும் இடையில் ஏறத்தாழப் பாதி குறைந்துபோயின. ஆம்ஸ்டர்டாம் தீவிலேயே 2025 ஜனவரியில் தீப்பிடித்துப் பாதிக்கு மேல் எரிந்தது. நிலையத்தில் இருந்த அனைவரையும் கப்பலில் ஏற்றி வெளியேற்ற வேண்டியதாயிற்று. காலநிலை மாற்றமோ நேர்க்கோட்டில் தீமை செய்வதில்லை. தென்கடல் காற்று வலுத்துத் தெற்கே நகர்ந்ததால் குரோசே பறவைகள் வேகமாக இரை தேடித் திரும்பின, எடை ஒரு கிலோவுக்கு மேல் கூடியது, குஞ்சு வளர்ப்பும் மேம்பட்டது என்று 2012-இல் ஓர் ஆய்வு காட்டியது. காற்று இன்னும் தெற்கே போனால் அந்த ஆதாயம் நிலைக்காது என்று அதே ஆய்வு எச்சரித்தது. கிருமிக்கு ஆணையிட முடியாது. காற்றைத் திருப்ப ஒரு தலைமுறை ஆகும். கொக்கியை இந்த ஆண்டே தடுக்கலாம்.

இந்தியாவுக்கு இதில் என்ன வேலை? இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையத்தில் இந்தியாவும் இலங்கையும் வாக்குள்ள உறுப்பினர்கள். அண்டார்க்டிகக் கடல் ஆணையத்திலும் இந்தியா 1986 முதல் இருக்கிறது. 2012-இல் லார்ஸ்மன் குன்றுகளில் திறந்த பாரதி ஆய்வு நிலையத்தையொட்டி இந்திய வனவிலங்கு நிறுவனத்தார் பனி பெட்ரல் பறவைகளின் கூடுகளை ஆய்வு செய்திருக்கிறார்கள். வலசை உயிரினங்களுக்கான உடன்படிக்கையில் 1983 முதல் உறுப்பினர். 2020-இல் அதன் மாநாட்டைக் காந்திநகரில் நடத்தியது. ஆனால் அந்த உடன்படிக்கையின் கீழ் உருவான அல்பட்ராஸ், பெட்ரல் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் உள்ள 13 நாடுகளில் இந்தியா இல்லை. அண்டார்க்டிகா புவி அறிவியல் அமைச்சகத்துக்கு, வலசைப் பறவை சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு, சூரை மீன் மீன்வள அமைச்சகத்துக்கு. மூன்றுக்கும் நடுவில் பறக்கும் பறவை யார் கோப்பிலும் ஏறுவதில்லை.

சூரை ஆணையத்தில் இந்தியா வழக்கமாகப் பேசுவது கடலோர நாடுகளின் உரிமையை. பெரிய கப்பல்கள் செய்த கேட்டுக்குச் சிறு மீனவர் விலை கொடுக்கக் கூடாது என்பதை. அது நியாயமான வாதம், கைவிடக் கூடாதது. அதே வாதம் இங்கே இன்னும் பொருந்தும். தெற்கு அட்சம் 25 டிகிரிக்குக் கீழே சூரை தேடிப் போவது தூத்தூர்ப் படகோ நீர்கொழும்புப் படகோ இல்லை, தொலைதேசத் தொழிற்கப்பல்கள். அந்த எல்லைக்குக் கீழே தூண்டில் விடும் ஒவ்வொரு கப்பலிலும் கொக்கி விடும் இடத்தையும் கயிறு இழுக்கும் இடத்தையும் படம்பிடிக்கும் கேமரா கட்டாயம் வேண்டும், பதிவைக் கப்பலின் கொடிநாட்டுக்கு வெளியே உள்ளவர்களும் சரிபார்க்க வேண்டும் என்ற தீர்மானத்தை இந்தியாவே கொண்டுவரலாம். அதனால் நம் மீனவர் யாருக்கும் ஒரு ரூபாய்கூடச் செலவு ஏறாது. அல்பட்ராஸ் ஒப்பந்தத்தில் சேர்வதற்கும் புதிய சட்டம் இயற்றி, புதிய துறை தொடங்கி ஆண்டுகள் கழிக்க வேண்டியதில்லை. மூன்று அமைச்சகங்களின் அதிகாரிகள் ஒரே மேசையில் உட்கார்ந்தால், சூரை ஆணையத்தின் அடுத்த ஆண்டுக் கூட்டத்துக்கு முன்பே இரண்டு கோப்புகளையும் தயார் செய்துவிடலாம்.