காவலர்க்கு யார் காவல்?

தலைப்பாகையில் தோல் சின்னம் அணிய வேண்டும், நெற்றியில் சமயக்குறி தரிக்கலாகாது, தாடி கூடாது என்று பிறந்த உத்தரவுகளால் மனம் புண்பட்ட சிப்பாய்கள், 1806 ஜூலை 10 அன்று பொழுது விடியுமுன் வேலூர்க் கோட்டையைக் கைப்பற்றியபோது, வெளிப் பகைவன் எவனும் வரவேண்டியிருக்கவில்லை. கோட்டையும் அதன் ஆயுதங்களும் காவலிருந்தோர் வசமே ஆயின. அவர்கள் பக்கத்து நியாயத்தைப் போற்றுகிறவன் நான். ஆயினும் அகழியும் மதிலும் உள்ளிருப்போரைத் தடுக்கமாட்டா என்பதை, பேராயுதங்களை வைத்திருக்கும் எந்த அரசும் மறக்கலாகாது.

நம் அணுவாயுதங்களைப் பொறுத்தவரை, கரு அணுசக்தித் துறையிடமும், வெடிப்புப் பொறி பாதுகாப்பு ஆராய்ச்சி ஸ்தாபனத்திடமும், ஏவுகணை படைகளிடமும் தனித்தனியே இருந்துவந்ததாகவே அறிஞர் பலர் எழுதியிருக்கிறார்கள். மூன்று கைகளும் கூடினாலன்றி ஆயுதமே இல்லை. பிரயோகத்துக்கு உத்தரவிடும் அதிகாரம் பிரதமர் தலைமையிலான அரசியல் சபைக்கே உரியதென்று 2003 ஜனவரி 4 அன்று அரசு பிரகடனம் செய்தது.

கடலுக்கடியில் அந்தப் பிரிவினை செல்லுபடியாகாது. அணு ஏவுகணைகளைத் தாங்கும் நம் அரிஹந்த் நீர்மூழ்கி தன் முதல் ரோந்தை முடித்ததென்று 2018 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. ஆயுதம் பூரணமாகப் பொருத்தப்பட்டிருந்தாலன்றி அத்தகைய ரோந்துக்கு அர்த்தமில்லை. நெல்லைச் சீமையில், விஜயநாராயணத்துக் கட்டபொம்மன் கடற்படைத் தளத்திலிருந்து நீர்மூழ்கிகளுக்குக் கட்டளை கொண்டு செல்லும் மிகத் தாழ்ந்த அதிர்வெண் அலைகள் கடல்நீரில் குறைந்த ஆழமே ஊடுருவும். அவ்வளவு அரிதாக எட்டும் கட்டளை மெய்யா பொய்யா என்று கப்பலில் இருப்போரே சோதித்தறிய வேண்டும்.

1962-இல் கென்னடியின் உத்தரவின்படி, ஐரோப்பாவில் இருந்த அணுவாயுதங்களுக்கு அமெரிக்கா சங்கேதப் பூட்டுகளைப் பொருத்தத் தொடங்கியது. பிரிட்டனோ வெளியிலிருந்து வரும் சங்கேத எண் ஏதுமின்றி, நீர்மூழ்கி அதிகாரிகளின் விசுவாசத்தையும், ஒருவர் தனியே எதையும் செய்ய இயலாத நடைமுறையையுமே நம்புகிறது. நான் பூட்டின் பக்கமே நிற்பேன். 2022 மார்ச் 9 அன்று நம் பிரம்மோஸ் ஏவுகணை ஒன்று தவறுதலாகப் பாய்ந்து பாகிஸ்தானின் மியான் சன்னு அருகே விழுந்தது. தெய்வாதீனமாக உயிர்ச்சேதம் இல்லை. நடைமுறை விதிகள் மீறப்பட்டதே காரணமென்று கண்டு, விமானப்படை அதிகாரிகள் மூவர் அவ்வாண்டு ஆகஸ்டில் பதவி நீக்கப்பட்டனர். அதில் அணுகுண்டு இல்லைதான். ஆனால் கட்டுப்பாட்டில் சிறந்த படையிலும் விதி மட்டும் போதாதென்பதற்கு வேறு சாட்சியம் தேட வேண்டியதில்லை.

சங்கேதங்கள் அந்தரங்கமாகவே இருக்கட்டும். நீர்மூழ்கியின் ஆயுதத்துக்குப் பூட்டு உண்டா, கரையிலிருந்து திறவுகோல் வராமல் கப்பலில் இருப்போர் தாமாகவே அதை ஏவ இயலுமா, எத்தனை பேர் இசைய வேண்டும் என்ற மூன்றையுமேனும் பாதுகாப்புக்கான பாராளுமன்ற நிலைக்குழுவின் முன் அரசு வைக்க வேண்டும்.