சாவி யார் கையில்?

சமீபத்தில் தருமபுரியில் ஒன்றுவிட்ட அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். கம்ப்யூட்டரைப் போட்டதும் திரையில் அக்கா, மாமா, பையன் என்று மூன்று பெயர்கள். நாலாவதாக இன்னொருவர்: 'அட்மினிஸ்ட்ரேட்டர்'.

''யாருக்கா இது?''

''தெரியலையே தம்பி. ரிப்பேருக்குக் குடுத்தப்போ கடைக்காரப் பையன் போட்டுக் குடுத்தான். எதுக்கெடுத்தாலும் 'அனுமதிக்கலாமா'ன்னு கேக்குதுன்னு நம்ம பயதான் சொன்னான்.''

க்ளிக் செய்தேன். பாஸ்வேர்டுகூடக் கேட்காமல் உள்ளே விட்டது. மாமாவின் பாங்க் கணக்கு விவரம், அக்காவின் நகைக்கடன் ரசீது, எல்லாம் சந்தைக்கடை மாதிரி திறந்து கிடந்தன.

இந்த நாலாவது ஆசாமி கடைக்காரப் பையனின் கண்டுபிடிப்பு அல்ல. விண்டோஸில் பிறவியிலேயே உண்டு. எக்ஸ்.பி. ஹோமில் முதல் திரையில் தலைகாட்ட மாட்டார். 'சேஃப் மோடி'ல் போனால் பெரும்பாலும் பாஸ்வேர்டு இல்லாமலே நிற்பார். 2007-ல் விஸ்டா வந்தபோதுதான் மைக்ரோசாஃப்டுக்குப் புத்தி வந்து அவரைத் தூங்கவைத்தது. இன்றைய விண்டோஸ் 11 வரை அதே வழக்கம். ஆனால், ஒரு வரிக் கட்டளையில் எழுப்பிவிடலாம்.

'அனுமதிக்கலாமா?' என்று கேட்கிற வழக்கமும் விஸ்டாவில் வந்ததுதான். ஆப்பிள் கம்பெனி அதைக் கிண்டலடித்து விளம்பரமே எடுத்தது. நாமும் சிரித்தோம். ஆனால், இந்த நாலாவது ஆசாமி எதையுமே கேட்க மாட்டார் என்பதுதான் விஷயம். உங்களைக் கேட்காதவர், பென் டிரைவில் வரும் வைரஸை மட்டும் நிறுத்திக் கேட்பாரா?

''என் கம்ப்யூட்டர், என் இஷ்டம். மைக்ரோசாஃப்ட் யாரு கேக்கறதுக்கு?'' என்பீர்கள். பாதி நியாயம். அதிகாரம் சொந்தக்காரரிடம்தான் இருக்க வேண்டும். அதற்காக வீட்டுப் பத்திரத்தை மளிகைக் கடைக்குமா எடுத்துப் போகிறோம்? 2004-ல் வந்த உபுண்டு லினக்ஸும் தன் 'ரூட்' கணக்கைப் பூட்டித்தான் தருகிறது. வேண்டும்போது பாஸ்வேர்டு கொடுத்து அதிகாரத்தை வாங்கிக்கொள்ள வேண்டும்.

உங்கள் கணக்கு கெட்டுப்போனால், ரிப்பேர் செய்ய அந்த ஆசாமியை எழுப்பலாம். தப்பில்லை. வேலை முடிந்ததும் தூங்கவைக்காததுதான் தப்பு. அதைச் சொந்தக்காரரிடம் சொல்லாமல் விடுவது பெரிய தப்பு.

2011-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தால் பென்னாகரம், அரூர் பக்கமெல்லாம் எத்தனையோ வீடுகளில் முதல் கம்ப்யூட்டர் நுழைந்தது. மெஷினைக் கொடுத்தோம். சாவி யார் கையில் என்று சொல்லிக்கொடுத்தோமா?

இன்றைக்கே உங்கள் வீட்டில் பாருங்கள். அட்மினிஸ்ட்ரேட்டர் விழித்திருந்தால், அதிகாரமுள்ள வேறொரு கணக்கு பாஸ்வேர்டோடு இருக்கிறதா என்று உறுதிசெய்துகொண்டு, பிறகு அவரை முடக்குங்கள். தினசரி வேலைக்குச் சாதாரணக் கணக்கே போதும். அடுத்த முறை ரிப்பேர் கடையில் பில்லை வாங்கும்போது, ''எதையாவது திறந்து வெச்சிருக்கியாப்பா?'' என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

அக்கா வீட்டில் முடக்கிவிட்டுத்தான் வந்தேன். பயலுக்கு என் மேல் கோபம். இருக்கட்டும்.