பரண் எவ்வளவு உயரம்?

வேர்க்கடலைக் கொல்லையில காட்டுப்பன்னிக் காவலுக்குப் பரண் கட்டணும். பெரியவன் 15 அடி வேணும்னான். நான் 7 அடி போதும்னேன்.

வெளிநாட்டுல வில்லோட மான் வேட்டைக்குப் போறவங்க மரத்துல உசரமா உட்கார்றது, மனுஷ வாடை மானுக்கு எட்டக்கூடாதுன்னு. (இங்க 1972 சட்டப்படி மான் வேட்டையே குத்தம்.) நமக்கு அப்படியே தலைகீழ். பன்னிக்குக் கண்ணு மட்டம், மோப்பம் அதிகம். ஆள் இருக்கிறது அதுக்குத் தெரியணும், வாடை கீழயே நிக்கணும். அது முட்ட முடியாத உசரம் இருந்தா சரி.

போன மாசியில 12 அடிப் பரண்லேருந்து தூக்கக் கலக்கத்துல இறங்கி, கால் பிசகி, ரெண்டு மாசம் படுத்தேன். கடலையும் போச்சு. இந்த வருஷம் உட்காரப் போறது அவன். சண்டை போட்டு 7 அடியிலயே கட்டிட்டேன்.