மெட்டு பிடித்தால் மட்டமா?

ராப் கேட்பவர்களில் ஒரு ரகம் இருக்கிறது. நெல்லியும் கெல்லி ரோலண்டும் பாடிய 'டைலமா' (2002) பிடிக்கும் என்று யாராவது வாய்தவறிச் சொல்லிவிட்டால் போதும். "அதெல்லாம் ஒரு ராப்பா? பொண்ணுங்க கேக்குற பாட்டு" என்று நக்கல். அடுத்து நேர்முகத் தேர்வு. நாஸின் முதல் ஆல்பம் எது? வூ-டாங் கிளானில் எத்தனை பேர்? பதில் தெரியாவிட்டால் ரசிக்கும் உரிமை ரத்து. என்ன கொடுமை சார் இது!

சரி, இந்த மேதாவிகள் கட்டிக்காக்கும் 'அசல்' எங்கே பிறந்தது? 1973 ஆகஸ்ட் 11, நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி. பள்ளி திறப்பதற்குள் புதுத்துணி வாங்கக் காசு வேண்டும் என்று சிண்டி கேம்பல் ஒரு பார்ட்டி வைத்தார். இசைத்தட்டு ஓட்டியவர் அவருடைய சகோதரர் டிஜே கூல் ஹெர்க். ஹிப்ஹாப்பின் பிறந்தநாளாகக் கொண்டாடப்படுவது இந்த நாள்தான். வந்தவர்கள் ஆடத்தான் வந்தார்கள். வாசலில் காசு வாங்கினார்களே தவிர, பரீட்சை வைக்கவில்லை.

அமெரிக்காவின் டாப் 40 பட்டியலுக்குள் நுழைந்த முதல் ராப் பாட்டு 1979-ல் வந்த 'ராப்பர்ஸ் டிலைட்'. அது எதன்மேல் நிற்கிறது? அதே ஆண்டு ஷிக் குழு வெளியிட்ட 'குட் டைம்ஸ்' என்ற டிஸ்கோ பாட்டின் பேஸ் கிடார் மெட்டின்மேல். ஆக, பாப் என்பது பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட அழுக்கு இல்லை. முதல் பெரிய வெற்றியிலேயே அது இருந்தது.

முரட்டு ராப்பின் முகமான 50 சென்ட்டையே எடுத்துக்கொள்ளலாம். ஜா ரூல் பாட்டுப் பாடுகிறார் என்று கேலி செய்தவர் அவர். அதே மனிதர் 2003-ல் நேட் டாக் பாடிய பல்லவியோடு '21 கொஸ்டின்ஸ்' என்ற காதல் பாட்டை வெளியிட்டார். பில்போர்டில் முதலிடம்! ஊருக்குத்தான் உபதேசம் :-)

மெட்டு இருந்தால் சரக்கு இருக்காது என்பது அடுத்த வாதம். போன் தக்ஸ்-என்-ஹார்மனி குழுவின் 'தா கிராஸ்ரோட்ஸ்' (1996) என்ன பாட்டு? அவர்களை வளர்த்துவிட்ட ஈஸி-ஈ 1995-ல் எய்ட்ஸால் இறந்தார். அவருக்கும், இழந்த மற்றவர்களுக்கும் வைத்த ஒப்பாரி அது. ராகம் இல்லாமல் ஒப்பாரி உண்டா? லாரின் ஹில் ஒரே ஆல்பத்தில் ராப்பும் செய்தார், பாடவும் செய்தார். 1999-ல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி அதற்குத்தான் போனது.

எதிர்த்தரப்பிலும் ஒரு நியாயம் இருக்கிறது. கம்பெனிகள் ஒரு பாட்டு ஹிட்டானால் அதே அச்சில் நூறு வார்த்துத் தள்ளும். 'ராப்பர்ஸ் டிலைட்'டிலேயே கிராண்ட்மாஸ்டர் காஸ் எழுதிய வரிகளை அவர் பெயர் போடாமல் எடுத்துக்கொண்டார்கள். அநியாயம்தான். ஆனால் அது கணக்குப் புத்தகத்தில் நடந்த மோசடி, மெட்டில் நடந்ததல்ல. முதலாளி செய்த தப்புக்கு வாடிக்கையாளருக்கு அபராதம் போடுவது எந்த ஊர் சட்டம்?

இந்த நக்கலால் நஷ்டம் யாருக்கு? வேகமான ஆங்கிலம் காதில் பிடிபடாத ஒருவருக்கு முதலில் கையில் சிக்குவது பல்லவிதான். அதைப் பிடித்துக்கொண்டு நாலு தடவை கேட்டால் நடுவில் வரும் வரிகளும் மெல்லப் புரியும். ஒருநாள் அவரே நாஸைத் தேடிப் போகலாம். போகாமலும் இருக்கலாம். போகாவிட்டாலும், பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த நாலு நிமிஷம் அவர் சந்தோஷமாக இருந்தது பொய்யாகிவிடாது. அவரிடம் "இது ராப்பே இல்லை" என்று சொல்பவர் ராப்பைக் காப்பாற்றவில்லை. கேட்க வந்த ஒருவரை வாசலோடு திருப்பி அனுப்புகிறார், அவ்வளவுதான்.

பிராங்க்ஸ் பார்ட்டியில் அப்படி ஒருவர் வாசலில் நின்றிருந்தால், சிண்டிக்குப் புதுத்துணி கிடைத்திருக்காது.